என் சதையில் சேர்ந்த சர்க்கரை

புற்றுநோய் வந்து பிழைத்தவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். கடவுளுக்கு, டாக்டருக்கு, கட்டியவருக்கு, சிலர் அந்த நோய்க்கே. நோய் வந்துதான் வாழ்க்கையின் அருமை தெரிந்ததாம். எனக்கு அப்படி எதுவும் தெரியவரவில்லை. வலது மார்பு போயிற்று, வலது கை வீங்கிற்று, வீட்டில் யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டிவிட்டு அது போயிற்று. நன்றி எதிர்பார்ப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

ஆரணியில் ரவிக்கை தைப்பது என் தொழில். பட்டுப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், அந்தக் கையோடு முகூர்த்த ரவிக்கையும் எங்களூரிலேயே தைத்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரர் தயாளன் தறிக்காரர்களிடம் புடவை வாங்கிச் சென்னைக் கடைகளுக்குப் போடுகிறவர். ஒரே பெண், கவிதா. அவள் கல்லூரியை முடித்த வருஷம், அதாவது இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, ஓர் ஆடி மாதத்தில் குளிக்கும்போது கட்டி கையில் பட்டது.

ஊரில் ஒரு டாக்டரிடம் போனேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "வலி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வலி இல்லன்னா பயமில்ல. கொழுப்புக் கட்டி" என்று மாத்திரை எழுதினார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலிக்காத கட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் ஒரு பொம்பளையின் மார்பைத் தொட்டுப் பார்க்கச் சங்கடமா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாத்திரை தீரத் தீரப் போய் வாங்கினேன். தீபாவளி போய்விட்டது.

அதற்குள் என் நாத்தனாருக்கு விஷயம் தெரிந்தது. சகுந்தலா அண்ணி, என் வீட்டுக்காரருடைய அக்கா. கணவர் போனபிறகு எங்களோடுதான் இருந்தார். "தேவிகாபுரத்துல ஒருத்தர் பத்து போடறாரு. எப்பேர்ப்பட்ட கட்டியும் பழுத்து ஒடஞ்சிடும். கத்தி வெச்சா அவ்ளோதான், பரவிடும்" என்று என்னை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். பச்சிலையை அரைத்துப் போட்டார்கள். கட்டி பழுக்கவில்லை. தோல்தான் வெந்து உரிந்தது. கவிதா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வெந்துபோய் கெடக்குது?" என்று அழுதுகொண்டே அப்பாவிடம் சண்டை போட்டாள். அதற்குப் பிறகுதான் சென்னை.

சென்னை மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முதலில் படம் எடுத்தார்கள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து நசுக்கி எடுக்கும் எக்ஸ்ரே அது. பிறகு தடித்த ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். முடிவு வரும் நாளில் காத்திருக்கும் கூடத்தில் எங்களைப் போல் நிறையப் பேர். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. மேலே டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருந்தது. அண்ணி ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் அறைக்குள் கூப்பிட்டார்கள். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், கான்சர்தான். மார்பை முழுசா எடுத்துடலாம். அக்குள்ல இருக்கற முடிச்சுங்களையும் எடுக்கணும். என்ன சொல்றீங்க?" என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கும் முன், "எடுக்கப்போறது என்னோடதுங்க. என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சொல்றேம்மா" என்றார். ஆனால் மறுபடியும் அவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை ஒரு பெண் டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். பெயர் ரெபெக்கா. வைத்தியம் பார்ப்பவர் இல்லை, ஆராய்ச்சி செய்பவர். எடுக்கிற கட்டியில் ஒரு சின்னத் துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ஆளாளுக்குப் பங்கு போடுகிறார்களே என்று.

"எதுக்கு?" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் பேசுவதற்கென்று உட்கார்ந்த முதல் ஆள்.

"உடம்புல செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல வெறும் இடம் இல்லைங்க. கூழ் மாதிரி ஒண்ணு இருக்கு. அந்தக் கூழ்ல ஒரு சர்க்கரை இருக்கு. ரெண்டு விதமான சர்க்கரைத் துண்டு மாறி மாறிக் கோத்து, ரொம்ப நீளமான சங்கிலியா இருக்கும். பேரு ஹையலுரோனான். தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். நம்ம மூட்டுல இருக்கு, கண்ணுக்குள்ள இருக்கு. சேவல் கொண்டையில நிறைய இருக்கு."

"சேவல் கொண்டைக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?"

அவர் சிரிக்கவில்லை. "கான்சர் கட்டியச் சுத்தி இந்தச் சர்க்கரை அளவுக்கு மேல சேருது. அதை ஒட்டி நிணநீர்க் குழாய்ங்க ஓடுது. ரத்தக் குழாய்ல இருந்து கசியற தண்ணிய வாரிக்கிட்டுத் திரும்ப ரத்தத்துல சேக்கற மெல்லிசான குழாய்ங்க. போற வழியில முடிச்சுங்க இருக்கு, அக்குள்ல நிறைய. அந்தக் குழாயோட உள்சுவரா இருக்கற செல்லுங்க மேல, இந்தச் சர்க்கரையப் பிடிச்சுக்கற கொக்கி ஒண்ணு இருக்கறதா சமீபத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"பிடிச்சா?"

"நீளமா இருக்கற வரைக்கும் அது சும்மா இருக்கலாம். கட்டி அதைத் துண்டு துண்டா வெட்டிடுது. அந்தத் துண்டுங்க பட்டா குழாய் செல்லுங்க பெருக ஆரம்பிக்கும், புதுசா வழி போடும்னு ஒரு சந்தேகம். அந்த வழியா கான்சர் செல் அக்குள் முடிச்சுக்குப் போய்ச் சேரலாம். எல்லாமே இருக்கலாம்தாங்க. தெரியாது. அதுக்குத்தான் கேக்கறேன்."

"உங்க சந்தேகத்துக்கு என் சதையா?"

"ஆமாங்க."

"இதால எனக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நல்லதும் ஆகாது."

அந்தப் பதில்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. அதுவரை எல்லோரும் நல்லதாகிவிடும் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் துண்டில் என்ன இருந்தது என்று பிறகு சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும்தான் ஒட்டுவோம், யாருடையது எதுவென்று எனக்கே தெரியாது என்றார். அதற்கும் கோபப்பட்டேன். கடைசியில், மொத்தத்தில் என்ன தெரிந்தது என்று சொன்னால் போதும் என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அண்ணியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். சர்க்கரை.

கண்விழித்தபோது நெஞ்சில் பாறையைக் கட்டிவைத்ததுபோல இருந்தது. அக்குளுக்குக் கீழே ஒரு குழாய், அதன் முனையில் ஒரு குப்பி. மஞ்சளாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ரெபெக்கா சொன்ன நிணநீர் அதுதான் என்று நர்ஸ் சொன்னாள். வழியை அறுத்துவிட்டதால் போக்கிடம் தெரியாமல் வழிகிறது. அந்தக் குப்பியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வராந்தாவில் நடந்தேன். முடிச்சுகளில் நோய் ஏறியிருக்கிறது என்று சில நாள் கழித்துச் சொன்னார்கள். மருந்து ஏற்ற வேண்டும், பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். செலவைப் பற்றி என் வீட்டுக்காரர் என் காதுபட ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் நான் குறை சொல்லாத விஷயம்.

வீட்டுக்கு வந்த முதல் நாளே காபி கசந்தது.

"சர்க்கரை போடலையா அண்ணி?"

"டாக்டரம்மாவே சொன்னாங்களே. சர்க்கரையாலதான் அது பரவுதுன்னு. நீதான் இனிப்பு இனிப்புன்னு அள்ளித் தின்னுகினு இருந்தே."

அது வேறு சர்க்கரை, உடம்பே உண்டாக்கிக்கொள்வது, வாயால் தின்பதல்ல என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வெல்லம், பால்கோவா, வாழைப்பழம், கடைசியில் சோறுகூடக் குறைந்தது. மருந்து ஏற்றி வந்து நான்கைந்து நாள் எதுவும் இறங்காது. இறங்குகிற ஒன்றிரண்டும் இனிப்புதான். அதையும் பிடுங்கினார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "வாயக் கட்டலைன்னா இப்படித்தான்" என்றார் அண்ணி. என் வீட்டுக்காரரோ, "அக்கா உன் நல்லதுக்குத்தான சொல்லுது. எதுக்கு பேஜாரு?" என்பார். கவிதாதான் துணி காயப்போடும் சாக்கில் மாடிக்கு வரவழைத்து, துப்பட்டாவுக்குள் மறைத்துவைத்திருக்கும் கடலை மிட்டாயைக் கொடுப்பாள். சொந்த வீட்டில் திருடியைப் போல நின்று தின்றேன்.

அடுத்தமுறை சென்னைக்குப் போனபோது ரெபெக்காவைத் தேடிப் பிடித்து அண்ணி முன்னால் நிறுத்தினேன். "நீங்களே சொல்லுங்க."

அவர் பொறுமையாகச் சொன்னார். காபியில் போடுவது போய் அந்தச் சங்கிலியாக மாறி நோயைப் பரப்பும் என்று யாரும் சொல்லவில்லை, சாப்பிடாவிட்டால் மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது என்றார். அண்ணி தலையை ஆட்டினார். பஸ் ஏறியதும், "இவங்க இன்னிக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாங்க" என்றார். அன்றிலிருந்து என் காபியை நானே போட்டுக்கொண்டேன். பல நாள் அடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

முடியெல்லாம் கொட்டியிருந்த சமயத்தில் கவிதாவுக்கு ஒரு வரன் வந்தது. களம்பூரில் அரிசி மில் வைத்திருப்பவர்கள். பையன் மில்லையே பார்த்துக்கொள்கிறான். நிச்சயம் பேச வருகிறார்கள் என்றதும் அண்ணி என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"உனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லி வெச்சிருக்கோம். நீ ஒரு நாளைக்கு போளூர்ல உன் தம்பி வீட்டுக்குப் போயிடு. தலையப் பாத்தா கேள்வி கேப்பாங்க."

வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கவிதா வாழ்க்கை, குமுதா" என்றார்.

"என் பொண்ணு நிச்சயத்துக்கு நான் ஊர விட்டுப் போவணுமா?"

போகவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்த பிறகு, பட்டுப் புடவை கட்டி, தலையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து அவர்கள் எதிரில் உட்கார்ந்தேன். பையனின் அம்மா பத்மாவதி என்னையே பார்த்தாள். என் வயதுதான் இருக்கும்.

"கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முடி கொட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"கொட்டாதுங்க. எனக்கு மார்ல கான்சர். எடுத்துட்டாங்க. மருந்து ஏத்திகினு இருக்காங்க."

அண்ணியின் கையிலிருந்த தட்டு டீப்பாயில் டொக்கென்று விழுந்தது. பையனின் அப்பா, மில்காரர், தொண்டையைச் செருமினார். பத்மாவதி மட்டும் எழுந்து, "உள்ள வரீங்களா, கொஞ்சம் பேசணும்" என்றாள். பெண்ணுக்கும் வருமா என்று கேட்பாள் என நினைத்துப் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். அவள் நான் தைக்கும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ரவிக்கை ஊக்குகளைக் கழற்றினாள். என் கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்தாள்.

எத்தனையோ பெண்களுக்கு அளவெடுத்த கை இது. அழுத்திப் பார்த்தேன். பட்டாணியை விடப் பெரியது. கல் மாதிரி. நகரவில்லை.

"எத்தினி நாளா?"

"பொங்கல்ல இருந்து. யாருக்கும் தெரியாது. சொல்லிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"பையன் கல்யாணம் முடியட்டும்னு இருக்கேன்."

ஊக்குகளை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தாள். மறுநாள் தரகர் வந்தார். அந்த வியாதி இருக்கிற வீட்டில் பெண் எடுக்க அவர்களுக்கு இஷ்டமில்லையாம். மில்காரரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீடு என்மேல் பாய்ந்தது. "பெத்த பொண்ணு வாழ்க்கையக் கெடுத்துட்டியே" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் மில்காரர் வீட்டிலும் அதே வியாதிதான் குந்தியிருக்கிறது என்று. நாக்கு நுனிவரை வந்தது. கவிதாவின் முகத்தைப் பார்த்தபோது இன்னும் துடித்தது. சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டி என் விரலிலேயே இருந்தது. எனக்கு வீணாய்ப்போன மாதங்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. அவள்மேல் எனக்கு இரக்கமில்லை, கோபம்தான். என் பெண்ணை வேண்டாம் என்றபோது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

அடுத்த மருந்துக்குப் போகும் முன், கவிதாவை மட்டும் அழைத்துக்கொண்டு களம்பூருக்கு பஸ் ஏறினேன். மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தவிட்டுத் தூசியில் இருமல் வந்தது. மில்காரர் என்னைப் பார்த்ததும், "சம்பந்தம் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டோமே" என்றார்.

"சம்பந்தம் பேச வரலை. உங்க வீட்டம்மாவக் கூப்பிடுங்க."

வீடு மில்லுக்குப் பின்னாலேயே இருந்தது. பத்மாவதி கதவுப்பக்கம் வந்து என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றேன். அப்போதுதான் அவளை முதல்முறை 'நீ' என்றேன்.

அவள் கும்பிட்டாள். நான் அசையவில்லை. வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவிதா, "அம்மா, போதும்மா" என்று என் முழங்கையைப் பிடித்தாள். உதறினேன்.

"எனக்கும் இருக்குதுங்க" என்றாள் பத்மாவதி, புருஷனைப் பார்க்காமல். "மார்ல. கட்டி."

மில்காரர் பக்கத்தில் இருந்த மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தார். "இன்னாடி சொல்ற?" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய ஆளை அந்த நிலையில் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

"அழுவறத அப்பறம் அழலாம். ஜல்தியா பொறப்படுங்க. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், என்கூட வரட்டும்" என்றேன்.

அவளுக்கும் நோய்தான். அதே படம், அதே ஊசி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவள் வார்டில் படுத்திருந்தபோது நான் மருந்தேற்றிக்கொண்டு மேல் மாடியில் இருந்தேன். கவிதா என்னைக் கைத்தாங்கலாகக் கீழே அழைத்துவந்தாள். வராந்தாவில் மில்காரர் பழக்கூடையோடு நின்றார். எங்களைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி, "மனசுல எதையும் வெச்சிக்காதீங்க. பேசினபடியே நிச்சயத்த வெச்சிக்கலாம். எங்களுக்குச் சம்மதம்" என்றார்.

நான் பதில் சொல்லும் முன் கவிதா முந்திக்கொண்டாள். "எனக்குச் சம்மதமில்லைங்க."

"ஏம்மா?"

"எங்கம்மாவுக்கு வந்தது உங்க வீட்லயும் வந்தப்பறம்தான நான் உங்களுக்கு ஆவறேன்? வேணாங்க. அத்தைய நல்லாப் பாத்துக்குங்க." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். எங்களோடு வந்திருந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். அவளைத் தடுக்கவில்லை. அவள் பின்னாலேயே நடந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

உள்ளே ரெபெக்கா பத்மாவதியின் கட்டிலருகே உட்கார்ந்து அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்மாவதி என்னைப் பார்த்ததும், "ஏதோ சர்க்கரைன்றாங்க, சேவல்ன்றாங்க. இன்னா பண்றது?" என்றாள்.

"குடு. பரவினதும் வேணும், பரவாததும் வேணும் இவங்களுக்கு. ரெண்டையும் வெச்சுப் பாத்தாதான் தெரியும்."

"உன்னுதுல பரவிச்சா?"

"பரவிச்சு. உன்னுத இனிமேதான் பாப்பாங்க."

பயந்துபோய்ப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அவளுக்குப் பரவியிருக்கவில்லை. முடிச்சுகள் அத்தனையும் சுத்தம். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது பொறாமை. இவள் ஒளித்துவைத்தாள், தப்பித்தாள். நான் கண்ட நாளே டாக்டரிடம் ஓடினேன், மாட்டிக்கொண்டேன். சந்தோஷமும் வந்தது, ஆனால் பொறாமைக்குப் பிறகுதான் வந்தது.

சில வருஷம் ஓடிவிட்டது. கவிதா வேலூரில் வேலை பார்க்கிறாள். தன்னோடு வேலை செய்யும் ஒரு பையனை, எங்கள் எல்லாக் கதையையும் அவனிடம் சொன்ன பிறகு, கட்டிக்கொண்டாள். என் வலது கை வீங்கித்தான் இருக்கிறது. நிணநீர் போக வழியில்லாததால் இப்படி. இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு தைக்கிறேன். தைக்கக் கூடாது என்கிறார் பெரிய டாக்டர். இப்போது என்னைப் பார்த்துத்தான் சொல்கிறார். நானும் கேட்பதில்லை.

பரிசோதனைக்குப் பத்மாவதியும் நானும் ஒரே நாளில் போகிறோம். பஸ்ஸில் ஜன்னலோரம் யாருக்கு என்பதில் தொடங்கி ஊர் திரும்பும்வரை சண்டைதான். போன முறை ரெபெக்கா எங்களைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாராம்.

"பல பேருக்கு, கட்டியோட ஓரத்துல இந்தச் சர்க்கரை கனமா இருந்த இடத்துல நிணநீர்க் குழாயும் அதிகமா இருந்துச்சு. ஆனா எல்லாருக்கும் இல்லைங்க. சர்க்கரை நிறைய இருந்தும் பரவாதவங்க இருக்காங்க. அதனால ஒருத்தரைக் காட்டி, உங்களுக்கு இதனாலதான்னு சொல்ல முடியாது."

"இத்தினி வருஷமா பாத்து இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்வளவுதாங்க" என்றார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம்.

சதையை மெலிதாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பழுப்பாகத் தெரிவதெல்லாம் சர்க்கரை, ஓரத்தில் சிவப்பு வளையம் வளையமாக இருப்பது நிணநீர்க் குழாய் என்றார். பத்மாவதி முந்திக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் எழவே இல்லை.

"இது யாருதுங்க?" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"தெரியாதுங்க. நம்பர்தான் இருக்கு."

"குமுதா, உன்னுதா இருக்குமா? இல்ல என்னுதா?"

"யாருதா இருந்தா இன்னா? நவுரு, நான் பாக்கணும்" என்று இடது கையால் அவளைத் தள்ளிவிட்டுக் குனிந்தேன்.